கோலார் தங்கவயலிலிருந்து தம்பிக்கு

தம்பி,

அம்மாவை உன்னிடம் பெங்களூருக்கு அனுப்பப் போவதில்லை. முடிவு பண்ணிவிட்டேன். போனில் சொன்னால் கத்துவாய், அதனால் எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள், வீட்டுக் கணக்குகளை இங்கே இழுக்க மாட்டேன்.

பொங்கலன்று சிநேகிதர்கள் முன்னால் சொன்னாயே, "எங்க ஊர்க்காரங்க குடிச்சே ஏழையானாங்க" என்று. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கக் கூடாதுதான். ஆனால் அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாள், பார்த்தாயா?

அப்பா குடித்தார். இல்லை என்று யார் சொன்னது?

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதும் நேரத்தில் நாம் தங்கச் சுரங்கத்து கேட்டருகே நின்றோம். காவல்காரன் அப்பாவின் தூக்குச்சட்டியைத் திறந்து, மிச்சமிருந்த களியை விரலால் கிளறினான். வாயைத் திறக்கச் சொன்னான். அப்பா திறந்தார், நாக்கையும் தூக்கிக் காட்டினார். அப்போதுதான் நம்மைப் பார்த்தார். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். உனக்கு ஞாபகம் இருக்காது, குட்டிப் பயல்.

சுமார் 800 டன் தங்கம் போன வழி அந்த கேட். தோண்டியவர்களில் நிறையப் பேர் வட ஆற்காட்டில் பிடி நிலம்கூட இல்லாத சேரிக்காரர்கள்; லாபம் லண்டன் பங்குதாரர்களுக்கு. சிவனசமுத்திரத்திலிருந்து 1902இல் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்குக் கரண்ட் கொடுத்தார்கள், பெங்களூரில் விளக்கு எரிவதற்கு 3 வருஷம் முன்னாலேயே. பாட்டி சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில்தான் சமைத்தாள். 1956இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பங்களாவில் துரைக்குப் பதில் ஆபீசர், அவ்வளவுதான். தங்கம் எடுக்கிற செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டதென்று 2001 பிப்ரவரி 28இல் மூடிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் வெட்டியதில், அரசாங்கத்தின் பெமல் (BEML) இயந்திரத் தொழிற்சாலையைத் தவிர, ஊருக்கென்று பெரிய தொழில் எதுவும் வரவில்லை. விட்டுப்போனது சயனைடு மேடு, தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவுப் பொடி. காற்றடித்தால் அந்தப் பொடி சோற்றில் விழுகிறது. விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார்களே, அவர்களா குடித்தே ஏழையானவர்கள்?

நீ கெட்டிக்காரன். அதில் எனக்குப் பெருமைதான், ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மூடியபோது அப்பா கைக்கு வந்த பணம் உன் காலேஜ் பீஸுக்குப் போனது. நான் பத்தாவதோடு நின்றேன். சரி, கணக்கு வேண்டாமென்று நான்தானே சொன்னேன்.

அம்மா உன் அப்பார்ட்மெண்டில் பேச்சுத்துணை இல்லாமல் கிடக்க வேண்டாம். இங்கே லைன் முழுக்க அவள் ஆட்கள். அடுத்த மாதம் கண் ஆபரேஷன். பணம் அனுப்பு. அனுப்பாவிட்டாலும் பார்த்துக்கொள்வேன், ஆனால் அனுப்பு. லீவு கிடைத்தால் நீயும் வா.

அக்கா