ரோப் கார் மலிவு என்பது எந்தக் கணக்கில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், டிஸ்னி வேர்ல்ட் என்ற கேளிக்கை வளாகத்தின் விடுதிகளையும் பூங்காக்களையும் இணைத்து ஓடும் ‘ஸ்கைலைனர்’ ரோப் கார் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஒரு ரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தில் பத்து ரோப் கார் போடலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறது. கிலோமீட்டருக்கு இவ்வளவு டாலர் என்பதுதான் அதற்கு அடிப்படை. அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு அமெரிக்காவிலேயே வேறு இரண்டு இடங்களில் வைத்துப் பார்த்தால் முடிவு தலைகீழாகிவிடும்.

போர்ட்லாண்டில் ஆற்றங்கரையிலிருந்து குன்றின்மேல் இருக்கும் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ரோப் காரின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். இரண்டே கேபின்கள், ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். முதலில் 1.55 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். கட்டி முடித்தபோது 5.7 கோடி. இதே நாட்டில் பிரைட்லைன் என்ற தனியார் ரயில் மயாமியிலிருந்து ஆர்லாண்டோ விமான நிலையம் வரை 378 கி.மீ. ஓடுகிறது. மொத்தத் திட்டச் செலவு சுமார் 600 கோடி டாலர், அதாவது கிலோமீட்டருக்கு 1.6 கோடி. போர்ட்லாண்டில் ஒரு கிலோமீட்டர் கயிற்றுக்குக் கொடுத்த விலைக்கு ஃப்ளோரிடாவில் மூன்றரை கிலோமீட்டர் ரயில் கிடைத்திருக்கிறது!

இதைவைத்து ரயில்தான் மலிவு என்று நான் சொன்னால் அதுவும் தப்பாட்டம். நியூயார்க்கின் இரண்டாவது அவென்யூ சுரங்க ரயிலின் முதல் கட்டம் 2017 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. 2.9 கி.மீ., மூன்று புதிய நிலையங்கள், 445 கோடி டாலர். கிலோமீட்டருக்கு 150 கோடிக்கு மேல்; பிரைட்லைனைவிடக் கிட்டத்தட்ட நூறு மடங்கு. இரண்டுக்கும் பெயர் ரயில்தான். தண்டவாளம், ஸ்லீப்பர், சிக்னல் எல்லாம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அவற்றின் விலை நூறு மடங்கு மாறாது.

மாறுவது நிலையமும் நிலமும். நியூயார்க்கில் 72ஆம், 86ஆம் தெரு நிலையங்கள் நகரத்தின் அடியில் பாறையைக் குடைந்து எழுப்பிய குகைகள். நடைமேடை, அதற்கு மேல் அதன் நீளத்துக்கே ஒரு இடைத்தளம், ஊழியர் அறைகள், காற்றோட்ட எந்திரங்கள் என்று சேரச் சேரக் குடைய வேண்டிய கன அளவு பெருகிக்கொண்டே போகும். பிரைட்லைனோ மயாமி முதல் கோக்கோ வரை ஏற்கெனவே சரக்கு ரயில் ஓடிய பாதையில் கூடுதல் தடம் போட்டுக்கொண்டது; கோக்கோவிலிருந்து ஆர்லாண்டோ வரையிலான சுமார் 56 கி.மீ. மட்டும் நெடுஞ்சாலையை ஒட்டிய புதுப்பாதை. லெவல் கிராசிங்குகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. மலிவுக்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கிராசிங்குகளிலும் பாதையோரத்திலும் தொடர்ந்து உயிர்கள் போகின்றன என்பதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும். அந்த நிறுவனம் 2025இல் ஒரு பகுதிக் கடன் பத்திரங்களுக்கு வட்டி கட்டுவதைத் தள்ளிவைத்தது. மலிவாகக் கட்டிய ரயிலுக்கே நிலைமை இது.

ஆகவே கிலோமீட்டரை விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் எத்தனை பேரை ஏற்றி இறக்க முடியும் என்று பார்ப்போம். ஸ்கைலைனர் 2019 செப்டம்பர் 29 அன்று ஓடத் தொடங்கியது. டாப்பல்மேயர் நிறுவனத்தின் ஒற்றைக் கயிற்று முறை, அதாவது சுமப்பதும் இழுப்பதும் ஒரே கயிறு. கேபினுக்கு அதிகபட்சம் 10 பேர். கயிறு மணிக்குச் சுமார் 18 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 5 மீட்டர் வீதம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கேபின் நிலையத்துக்குள் நுழையும்போது ஒரு வழிகாட்டித் தகடு, கயிற்றைக் கவ்வியிருக்கும் அதன் பிடியின் நெம்புகோலை அழுத்தும். பிடி கயிற்றை விட்டுவிடும். பிறகு மேலே வரிசையாகச் சுழலும் ரப்பர் டயர்கள்தான் கேபினை நகர்த்துகின்றன. முதலில் வேகத்தைக் குறைத்து, நடப்பதைவிட மெதுவாக நொடிக்கு 0.3 மீட்டர் அளவில் ஊர விட்டு, ஆட்கள் ஏறியதும் மறுபடி கயிற்றின் வேகத்துக்கு முடுக்கி, பிடியை மூடவிடும். பிடி சரியாக இறுகியதா என்று உணரிகள் அளந்து பார்க்கும். இறுக்கம் குறைந்தால் மொத்தத் தடமும் நின்றுவிடும்.

இந்த ஊர்தலில்தான் உச்சவரம்பு இருக்கிறது. 12 நொடிக்கு ஒரு கேபின் விட்டால் மணிக்கு 300 கேபின், 3,000 பேர். 8 நொடிக்கு ஒன்று என்றால் 4,500 பேர். அதற்கும் கீழே போகலாமே என்று தோன்றும். 8 நொடியில் 0.3 மீட்டர் வேகத்தில் கேபின் நகரும் தூரம் 2.4 மீட்டர், கேபினின் அளவே ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குமேல் நெருக்கினால் நிலையத்துக்குள் ஒன்றை ஒன்று இடிக்கும். ஊரும் வேகத்தைக் கூட்டினால் முதியவர்களும் குழந்தைகளும் ஏற முடியாது. ஸ்கைலைனரின் பெரும்பாலான நிலையங்களில் சக்கர நாற்காலிக்காரர்களுக்குத் தனிக் கிளைத்தடம் வைத்து, அங்கே கேபினை முழுதாக நிறுத்தி ஏற்றுகிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் நிலையத்தின் அகலமும் எந்திரமும் அதற்கேற்பக் கூடும்.

டிஸ்னியின் பழைய மோனோரயிலில் ஒரு வண்டிக்குச் சுமார் 360 பேர். நான்கு நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு 5,400. ரோப் காரும் அதை ஒட்டி வந்துவிடுகிறது. 1971இல் தொடங்கி, 1982இல் எப்காட் பூங்கா வரை நீட்டிய மோனோரயிலை அதற்குமேல் நீட்டாமல் டிஸ்னி கயிற்றுக்குப் போனது அவர்கள் கணக்கில் முழுக்க நியாயம். ஆனால் சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டி ரயிலில் சுமார் 1,200 பேர். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று விட்டாலே 14,400 பேர். நெரிசல் நேரத்தில் இரண்டரை நிமிடத்துக்குக் குறைத்தால் அதே பாதையில் இரு மடங்கு. கயிற்றுக்கு அந்த இரண்டாவது மடங்கு கிடையாது.

லாஸ் ஏஞ்சலிஸில் யூனியன் ஸ்டேஷனிலிருந்து டாட்ஜர் ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்துக்கு முன்மொழியப்பட்ட ரோப் காரைப் பாருங்கள். சுமக்க இரண்டு கயிறு, இழுக்க ஒரு கயிறு என்ற பெரிய வகை. அப்படியும் ஒரு திசையில் மணிக்கு 5,000 பேர்தான். ஸ்டேடியத்தில் 56,000 இருக்கைகள். 12.5 கோடி டாலர் என்று 2018இல் சொன்ன திட்டம், சில ஆண்டுகளில் 38.5 முதல் 50 கோடி வரை ஏறிவிட்டது. தூரம் இரண்டு கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை.

அப்படியென்றால் டிஸ்னிக்கு மட்டும் ஏன் கைகூடியது? நிலம் முழுக்க அவர்களுடையது. எந்தக் கம்பத்துக்கும் யாரிடமும் இடம் கேட்க வேண்டியதில்லை. கேபினிலிருந்து எங்கள் கொல்லைப்புறம் தெரிகிறது என்று போர்ட்லாண்டில் எதிர்ப்புக் கிளப்பியதுபோல இங்கே கிளப்ப ஆளில்லை. கட்டட அனுமதி தர வேண்டிய ரீடி க்ரீக் மாவட்ட நிர்வாகமும் 1967 முதல் டிஸ்னியின் கைக்குள்ளேயே இருந்தது (2023இல்தான் மாநில அரசு நியமித்த குழுவின் கைக்குப் போனது). டிக்கெட் இல்லை என்பதால் கவுன்டர், வசூல், கணக்கு எதுவும் கிடையாது. செலவு விடுதி அறை வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது. இந்த நான்கையும் ஒரு மாநகராட்சி விலைகொடுத்து வாங்க முடியாது.

இன்னொரு செலவைக் கட்டுரை தொடவே இல்லை. கயிறு நேர்கோட்டில்தான் போகும். எப்காட் தடத்தில் வழியில் திரும்புவதற்காகவே, யாரும் ஏறி இறங்க முடியாத ஒரு திருப்பு நிலையம் கட்டியிருக்கிறார்கள். அங்கேயும் பிடி திறந்து, டயர்கள் தள்ளி, பிடி மூட வேண்டும். தெருவோடு தெருவாக வளையும் நகரத்தில் இப்படி எத்தனை வேண்டியிருக்கும்?

மின்னலும் அப்படித்தான். மத்திய ஃப்ளோரிடாவில் கோடை மாலைகளில் இடி மழை வழக்கம். மூன்று கிலோமீட்டர் தடத்தில் கடைசியாக ஏறியவர் இறங்கப் பத்து நிமிடம் ஆகும். அதனால் மேகம் தலைக்குமேல் வருவதற்கு முன்பே ஏற்றுவதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தியதும் கூட்டத்தை அள்ளிப்போகப் பேருந்துகளும் ஓட்டுநர்களும் தயாராக நிற்க வேண்டும். டிஸ்னியிடம் நூற்றுக்கணக்கில் பேருந்துகள் உண்டு. அந்தப் பேருந்துச் செலவை ரோப் காரின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

திறந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், 2019 அக்டோபர் 5 இரவு, எப்காட் தடத்தில் ரிவியரா நிலையத்தில் கேபின்கள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. தடத்தில் தொங்கியவர்களில் சிலர் மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே இருந்தார்கள். கேபினில் குளிர்சாதனம் கிடையாது. நகரும்போது துவாரங்கள் வழியே வரும் காற்றுதான். நின்றால் அதுவும் நின்றுவிடும். ரயில் பழுதானால் பயணிகளைப் பாதையில் இறக்கி நடத்திக் கூட்டி வரலாம். தொங்கும் கேபினுக்கு ஏணி வண்டி வரவேண்டும், அந்த வண்டி வர நிலமும் வேண்டும். கீழே ஏரி என்றால் படகு.

பராமரிப்பைப் பொறுத்தவரை பழனிக்குப் போகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு நாள் ரோப் கார் கிடையாது. ஆண்டுப் பராமரிப்பு என்றால் வாரக்கணக்கில் நிற்கும். சிறிய பாதைக்கே இப்படி. கயிறு நாளாக நாளாக நீளும். அதைத் தொய்யாமல் இழுத்துவைக்கும் இழுவிசைக் கருவியின் எல்லை தாண்டினால் வெட்டிச் சுருக்கி மறுபடி பின்ன வேண்டும். பின்னலின் நீளம் கயிற்றின் விட்டத்தைப்போல 1,200 மடங்கு: 50 மி.மீ. கயிற்றுக்கு 60 மீட்டர். புரிகளைக் கையால் பிரித்து, நடுவில் இருக்கும் நார்க் கருவை எடுத்துவிட்டு, புரிகளின் முனைகளை அந்த இடத்தில் சொருகும் வேலை. அதற்கென்று பழகிய ஆட்கள் உலகத்திலேயே குறைவு. இரண்டாவது தடமோ மாற்றுவழியோ இல்லாததால் அன்றைக்குச் சேவை பூஜ்யம்.

ஆறு, பள்ளத்தாக்கு, குன்று, இவற்றைக் கடக்க வேண்டிய இடத்தில் கயிற்றுக்கு ஈடில்லை. பொலிவியாவின் லா பாஸிலும் கொலம்பியாவின் மெடெயினிலும் அது நகரப் போக்குவரத்தாகவே நிலைத்ததற்குக் காரணம் அந்த மலைச்சரிவுகள்தான். தட்டையான ஃப்ளோரிடாவில் அது ஓடுவதற்குக் காரணம் மேலே சொன்ன நிலவுரிமை.

ரயில் டிஸ்னியின் வாசலுக்கு வரும் வாய்ப்பும் இருந்தது. டாம்பா–ஆர்லாண்டோ அதிவேக ரயிலில் டிஸ்னிக்கு ஒரு நிலையம் திட்டமிடப்பட்டிருந்தது. அதற்கு மத்திய அரசு கொடுத்த 240 கோடி டாலரை 2011இல் அப்போதைய ஆளுநர் ரிக் ஸ்காட் வேண்டாமென்று திருப்பி அனுப்பினார். டிஸ்னி வளாகத்தின் கடைவீதியான டிஸ்னி ஸ்பிரிங்ஸில் நிலையம் என்று 2020இல் பிரைட்லைனோடு அறிவித்தார்கள். பாதையைப் போட்டிப் பூங்காவான யூனிவர்சல் பக்கமாகத் திருப்பும் பேச்சு வந்ததும் 2022இல் டிஸ்னி விலகிக்கொண்டது.

கடைசியாக ஒரு திருத்தம். ஸ்கைலைனரை டிஸ்னியின் முதல் ரோப் கார் என்று கட்டுரை குறிப்பிடுகிறது. கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டில் ‘ஸ்கைவே’ 1956லிருந்து 1994 வரை ஓடியது. ஃப்ளோரிடா வளாகத்தின் மேஜிக் கிங்டம் பூங்காவிலும் 1971இல் ஒன்று தொடங்கி 1999இல் மூடப்பட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர்,
பொன்மலை, திருச்சி.