மேயரை நீக்கும் உரிமை யாருக்கு?

ஆசிரியருக்கு,

தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரை நீக்கும் விதிகள் வாக்கெடுப்புக்கு வரும்போது, அந்த நடைமுறையை யார் தொடங்கலாம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 2010-இல் இசை விழா நெரிசலில் 21 பேர் இறந்தனர். மேயர் பதவி விலக மறுத்தார். நகர மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காததால் அவரை நீக்கும் முயற்சி தோற்றது. அடுத்த ஆண்டு மாநிலச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி, கையெழுத்துத் திரட்டி நீக்கக் கோரும் உரிமையை மக்களுக்கே கொடுத்தது. 2012-இல் மக்களே வாக்களித்து அவரை நீக்கினர். நியாயமான முடிவு! அங்கும் மொத்த வாக்காளர்களில் 25 விழுக்காட்டினராவது நீக்கத்தை ஆதரித்து வாக்களிக்க வேண்டும். இந்த வரம்பு மிக அவசியம். இல்லையேல் தேர்தலில் தோற்ற கட்சி மறுமாதமே கையெழுத்து வேட்டையில் இறங்கிவிடும். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவரைக் கவுன்சிலர்களின் பேரத்தால் மட்டும் வீட்டுக்கு அனுப்ப எந்தச் சட்டமும் இடம் தரக் கூடாது.

- ஒரு வாசகர்