பழைய டிஃபரன்ஷியல் மாற்றித் தந்ததில் நடந்த தவறு: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்களிடம் வாங்கிய பழைய லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும், அதற்குப் பதிலாக வந்ததும்

ஐயா,

என் பின்சக்கர இயக்கக் காருக்காகக் கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கும் விசை போகும்படி உராய்வு பிளேட்டுகளால் பிடித்துவைக்கும் பாகம்) ஒன்றை உங்களிடம் வாங்கினேன். விகிதம் 4.1 (சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 4.1 சுற்று சுற்றும்), சோதித்துப் பார்த்தது, பிளேட்டுகள் நல்ல நிலையில் இருக்கின்றன என்று பில்லிலேயே எழுதியிருந்தீர்கள்.

மாட்டி முடித்ததும் பின்சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினோம். மற்றது எதிர்த்திசையில் லேசாகச் சுற்றியது. சாதாரண டிஃபரன்ஷியல்தான் அப்படிச் சுற்றும். பிளேட்டுகளில் பிடிப்பு இருந்தால் இரண்டும் ஒரே பக்கம் சுற்ற வேண்டும். கழற்றிப் பிரித்தபோது காரணம் தெரிந்தது: பிளேட்டுகள் வழவழவென்று தேய்ந்து, ஓரங்களில் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தன. காந்த டிரெய்ன் பிளக்கில் இரும்புத் தூள் சேறு மாதிரி அப்பியிருந்தது.

சரி, பழைய பொருளில் இப்படி நேரலாம். நீங்களும் மறுக்காமல் வேறொன்று அனுப்பினீர்கள். அதற்கு நன்றி.

ஆனால் மாற்றாக வந்தது 4.1 இல்லை. மூடியைத் திறந்து எண்ணினால் கிரவுன் வீலில் (பெரிய பற்சக்கரம்) 39 பல், பினியனில் (அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரம்) 10 பல். அதாவது 3.9. என் காரில் ஸ்பீடாமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுகிறது. இதை மாட்டி ஓட்டினால் முள் 100 காட்டும்போது கார் ஏறத்தாழ 105-ல் போகும். மேட்டில் இழுவையும் குறையும். கிரவுனையும் பினியனையும் பழையதிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள் என்று உங்கள் ஊழியர் போனில் சொன்னார். பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளந்து, மை தடவிப் பற்கள் பதியும் இடம் பார்த்து, ஷிம் (மெல்லிய இடைத்தகடு) மாற்றிச் செய்கிற வேலை அது. விற்றவரின் தவறுக்காக வாங்கியவன் ஏன் அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டும்?

இப்போது, ஒரு பில்லுக்கு ஒருமுறைதான் மாற்றித் தருவோம் என்கிறீர்கள். கேட்ட பொருளே வராதபோது அதை மாற்றித் தந்ததாக எப்படிக் கணக்கில் எடுக்கிறீர்கள்?

விகிதம் தவறு என்பதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. தண்டு வந்து சேரும் முன்பக்கத்து ஃபிளாஞ்சில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கரங்களுக்குப் போகும் வெளியீடுகள் இரண்டையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால் போதும். ஃபிளாஞ்ச் நான்கு சுற்றைத் தாண்டிப் போனால் 4.1, நான்கை எட்டாமல் நின்றால் 3.9. பார்சல் கட்டுவதற்கு முன் அதைக்கூடச் செய்யாமல் ‘சோதித்தது’ என்று பில் போடுவது நியாயமில்லை. அந்தச் சொல்லை நம்பித்தான் கூடுதல் விலை கொடுத்தேன்.

ஆகவே, பொருளின் முழு விலை, இருவழிப் போக்குவரத்துச் செலவு, முதல் முறை கழற்றி மாட்டிய கூலி, வீணான கியர் ஆயிலின் விலை ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டுகிறேன். இன்னொரு மாற்றுப் பொருள் வேண்டாம். பில், மெக்கானிக் ரசீது, பற்களின் படங்கள், பிளேட்டுகளின் படங்கள் இத்துடன் உள்ளன. பதிலை எழுத்தில் தாருங்கள். மறுத்தால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

இரண்டாவது டிஃபரன்ஷியல் காரில் மாட்டப்படவே இல்லை. ஆயில் ஊற்றாமல், மூடியைத் திரும்பப் பூட்டி, வந்த பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புவதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்