உமரி போடும் முன் மண்ணைப் பார்க்கச் சொல்

அன்புள்ள மீனா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பெரியம்மா கொடுத்தனுப்பிய வடாம் வந்துவிட்டது, சொல்லிவிடு.

இனி உன் தம்பி. வேதாரண்யத்தில் சும்மா கிடக்கிற இறால் குட்டையில், உப்புத் தரையில் வளர்கிற உமரிச் செடியைப் போட்டு, விதையிலிருந்து எண்ணெய் எடுத்து விமானத்துக்கு விற்கப் போகிறானாமே! அவன் படித்த செய்தி நிஜம்தான். 2019 ஜனவரியில் அபுதாபியிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் போன விமானத்தின் எரிபொருளில் ஒரு பங்கு இந்த வகைச் செடியின் விதை எண்ணெயிலிருந்து வந்தது. ஆனால் மெக்சிகோ கடற்கரையில் ஆறு வருடம் கடல்நீர் பாய்ச்சிப் பார்த்த சோதனையில் சதுர மீட்டருக்குக் கிடைத்த விதை 200 கிராம். ஏக்கருக்கு 800 கிலோ. எண்ணெய் 26 முதல் 33 சதவீதம் என்றால் 210 கிலோவிலிருந்து 265 கிலோ வரை, அவ்வளவுதான். அதுவும் உமரி சேர்ந்த சாலிகார்னியா என்ற செடிவகையில் வேறு இனம். நம் கரையில் வளர்கிற உமரிக்கு அந்த விளைச்சலை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. விதை ஒரே சமயத்தில் முற்றாது, முற்றியது உதிர்ந்துவிடும். பிண்ணாக்கில் சப்போனின் என்ற கசப்புப் பொருள் இருப்பதால் மாட்டுக்கு நிறைய வைக்கவும் முடியாது.

எண்ணெய் போகட்டும். என்னைக் கவலைப்படுத்துவது அவன் சொன்ன இன்னொன்று: "செடி உப்பை உறிஞ்சி நிலத்தைச் சரியாக்கிவிடும்." மீனா, இதை அவனுக்கு உட்கார்ந்து விளக்கு. அதே சோதனையில் சதுர மீட்டருக்குக் காய்ந்த செடி 1.7 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 7 டன். அதில் மூன்றில் ஒரு பங்கு உப்பு என்று வைத்தாலும் அறுவடையோடு வெளியே போவது 2 டன்னுக்குச் சற்று மேல். கடல்நீரில் கனமீட்டருக்கு 35 கிலோ உப்பு. ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் ஏக்கருக்குள் வருவது 140 டன். செடி எடுப்பது எங்கே, வாய்க்கால் கொண்டு வருவது எங்கே? அந்த உப்பு செடியோடு போகாது, வடிநீரோடு கடலுக்குத்தான் திரும்ப வேண்டும். அதனால் செடி குடிப்பதைவிடக் கூடுதலாகப் பாய்ச்சி, வேருக்குக் கீழே தேங்காமல் வடிய விட வேண்டும். மணல் தரை இதற்குச் சரி. களிமண் குட்டையென்றால் நீர் நின்று, வெயிலில் வற்றி, கடலைவிட உப்பேறி, வேர் மூச்சடைத்துப் போகும். பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தால் இந்த யோசனையே வேண்டாம். ஊர்க் கிணறு உப்பானால் திரும்ப நல்லதாகப் பல வருடம் ஆகும்.

கரையோரம் ஏற்கெனவே கடல் ஏறி இறங்குகிற நிலக்கீற்று இருந்தால் அங்கே மட்டும் செய்யட்டும். மழை மேல்மண் உப்பைக் கழுவிய பிறகு விதைக்கணும். உப்பிலே வளர்கிற செடியானாலும் முளைக்கிறபோது உப்புக் குறைவாக இருந்தால்தான் நன்றாக முளைக்கும். விதை மிகப் பொடி, ஆழப் புதைக்காமல் மேலாகத் தூவி லேசாக அழுத்தினால் போதும். நாற்று வேர் பிடித்த பின் கடல்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கடல்நீரில் தழைச்சத்து மிகக் குறைவு, யூரியா கொடுத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

விற்பதற்கு விதையைவிட இளந்தண்டுதான் வழி. இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் கோடையில் மீன் கடைகளில் இதன் உறவுச்செடியைத்தான் விற்கிறார்கள். கணுக்கணுவாக, இலையே இல்லாததுபோல் இருக்கும் நுனியை விரல்நீளம் கிள்ளணும். பூக்கத் தொடங்கினால் நடுவில் நார் கட்டிவிடும். இரண்டு தண்ணீரில் அலசி, உப்பே போடாமல் இரண்டு மூன்று நிமிடம் வேகவைத்து வடித்தால் பருப்பில் சேர்க்கலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேண்டாம், முக்கியமாக உன் மாமனாருக்கு.

குட்டையில் மூன்று இடத்தில் ஒரு முழம் ஆழத்துக்கு மண் எடுத்து அனுப்பச் சொல். களியா மணலா என்று தெரிந்த பிறகு மீதியைப் பேசலாம். அதுவரை வாய்க்கால் வெட்ட ஆள் பேச வேண்டாம்.

அன்புடன்,
வசந்தி