கையெழுத்துப் போடாத படிவம்

போடிநாயக்கனூர்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி மலைக்காட்டில் நான்கு இரவுகள் கூடாரத்தில் தங்கி வந்ததை ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னபோது நான் அதிகம் பேசவில்லை. அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது; அது தொலைபேசியில் வாயில் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பருப்பு. அங்கே டுவாலமி புல்வெளியில் இரண்டு மணி நேரம் அடுப்பிலிருந்தும் துவரம்பருப்பு வேகவில்லை, கேஸ்தான் தீர்ந்தது என்றாய். முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவனின் மகள் இப்படி மாட்டிக்கொள்ளலாமா? அந்த இடம் ஏறத்தாழ 8,600 அடி உயரம். காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் அங்கே 91 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதன்பின் எவ்வளவு தீ எரித்தாலும் தண்ணீர் வற்றுமே தவிரச் சூடு ஏறாது. குக்கர் இல்லாவிட்டால் அவலும் பொட்டுக்கடலை மாவும் கொண்டுபோவதே புத்திசாலித்தனம்.

வாசனையுள்ள எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது என்பதற்காக, ஊறுகாயோடு பற்பசையையும், அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெயையும்கூடக் கரடி திறக்க முடியாத பெட்டியில் மூடித் தள்ளி வைத்தாய் என்று கேட்டு அவள் முதலில் சிரித்தாள்; இரவில் தூங்கவில்லை. கலிஃபோர்னியாவின் கொடியில் நிற்கும் கிரிஸ்லி கரடி அந்த மாநிலத்தில் அழிந்து ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது, இப்போது அங்கே இருப்பது கருங்கரடி மட்டுமே என்று தேற்றினேன். கருங்கரடியும் கரடிதானே என்றாள்.

இனி, சொல்ல வந்தது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்து, மலையேற வந்த இளம்பிள்ளைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றிரவு நம் தெருமுனையைக் கடந்து ஓடிய ஆம்புலன்ஸ்களின் ஓசை எனக்கு நெடுநாள் காதைவிட்டுப் போகவில்லை. அந்த மே மாதம்தான் உன் பள்ளியில் கொடைக்கானல் மலையில் ஐந்து நாள் கூடார முகாம் என்று படிவம் கொடுத்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. நீ அழவுமில்லை, கேட்கவுமில்லை. படிவத்தை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாய். போன வாரம் பரண் ஒதுக்கும்போது அது அப்படியே கிடைத்தது. மொட்டை மாடியில் ஏறினால் தெரிகிற மலைக்கு உன்னை ஒருநாளும் அனுப்பாமல், கடல் கடந்து மட்டும் அனுப்பி வைத்தேன்.

அன்று மறுத்தது முழுத் தவறு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால், பயத்தை மட்டுமே உனக்குக் கொடுத்தேன். மலையில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அதை நீயாகக் கற்றுக்கொண்டிருக்கிறாய் என்பது, மூன்றாம் நாள் நடந்ததாக நீ போகிறபோக்கில் சொன்ன ஒன்றில் தெரிந்தது. லெம்பர்ட் டோம் என்னும் மொட்டைப் பாறையில் பாதிக்குமேல் ஏறிய பிறகு, நண்பகலுக்குள்ளாகவே மேகம் திரளக் கண்டு, கூட வந்தவர்கள் இன்னும் கால் மணி நேரம்தானே என்று வற்புறுத்தியும் நீ அவர்களைத் திருப்பி அழைத்து வந்ததாகவும், கூடாரத்தை அடைந்து சற்று நேரத்தில் இடி இறங்கியதாகவும் சொன்னாய். கோடைப் பிற்பகல்களில் அந்தச் சியரா நெவாடா மலைத்தொடரில் இடிமழை வழக்கம்தான் என்பதும், மரமில்லாத பாறையில் நிற்பவர்மேல் மின்னல் பாய வாய்ப்பு அதிகம் என்பதும் நான் வகுப்பில் சொல்லக்கூடியவை. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது திரும்ப மனம் வருவது வேறு. அதைக் கேட்டுத்தான் எனக்குப் பேச்சு வரவில்லை.

டிசம்பரில் நீ வரும்போது குரங்கணியிலிருந்து மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் வரை நடக்க வனத்துறை அனுமதி கிடைக்குமா என்று விசாரித்து வைக்கிறேன். என் முழங்கால் எந்த இடத்தில் மறுக்கிறதோ, அங்கிருந்து நீயும் என்னோடு திரும்பிவிட வேண்டும்.

அன்புடன்,
அப்பா