இறுதிப்போட்டியில் மட்டும் கணக்கு மறந்துபோவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லீக் ஆட்டங்களில் ஒழுங்காகக் கணக்கு சொல்லும் வர்ணனையாளர்கள், இறுதிப்போட்டி வந்ததும் குரலை உயர்த்திவிட்டு ஆட்டத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

‘30 பந்தில் 30 ரன், கையில் 6 விக்கெட்’ என்றதுமே ‘ஆட்டம் முடிந்தது’ என்று தீர்ப்பு எழுதிவிடுவது வழக்கம். 2024 டி20 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் 15 ஓவர் முடிவில் தென்னாப்பிரிக்கா அப்படித்தான் இருந்தது. அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி, மிச்ச 5 ஓவரை யார் போடுவார் என்பதே. அடி வாங்கிய இந்தியப் பந்துவீச்சாளர்கள் அக்சர், குல்தீப் இருவருக்கும் கோட்டா (ஒருவருக்கு 4 ஓவர்) தீர்ந்துவிட்டது. பும்ராவுக்கு 2 ஓவர், அர்ஷ்தீப்புக்கு 1 ஓவர் பாக்கி; ஹர்திக்கும் இருந்தார். இந்த மூவரும் கொடுத்தது வரிசையாக 4, 4, 2, 4, 8 ரன்கள். இந்தியா 7 ரன்னில் வென்றது. ‘அதிசயம்’ என்றார்கள். பந்துவீச்சுக் கணக்கைப் பார்த்தவருக்கு அது பாதி அதிசயம்தான்.

2011 ஒருநாள் உலகக் கோப்பை இறுதிப்போட்டி என்றால் தோனியின் கடைசி சிக்ஸர் மட்டுமே திரும்பத் திரும்ப ஓடும், ஏதோ அதுதான் கோப்பையைக் காப்பாற்றியது போல! அப்போது தேவைப்பட்டது 11 பந்தில் 4 ரன். ஆட்டம் உண்மையிலேயே தள்ளாடியது 31 ரன்னுக்கு 2 விக்கெட் விழுந்தபோது. அங்கிருந்து மீட்ட கம்பீரின் 97 ரன்னுக்கு எத்தனை விநாடி ஒதுக்குகிறார்கள்?

முடிவைச் சொல்வதிலும் குழப்பம். 2019 ஒருநாள் உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் ‘நியூசிலாந்து தோற்றது’ என்பது பாதி உண்மை. ஆட்டம் 241–241, சமனை முறிக்க ஆடிய சூப்பர் ஓவர் 15–15, இரண்டுமே டை (சமன்). 26க்கு 17 என்ற பவுண்டரி எண்ணிக்கையில்தான் கோப்பை இங்கிலாந்துக்குப் போனது. அந்த விதியையே அதே ஆண்டு தூக்கிவிட்டார்கள். கால்பந்திலும் அப்படியே. 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா–பிரான்ஸ் இறுதிப்போட்டியின் ஸ்கோர் 3–3; பெனால்டி ஷூட் அவுட் 4–2 தனிக்கணக்கு. அதில் அடிப்பது வீரரின் கோல் கணக்கில் சேராது. பிரான்ஸின் எம்பாப்பே ஷூட் அவுட்டிலும் ஒன்று அடித்தார். ஆனால் அந்தத் தொடரில் அவர் கோல்கள் 8தான். ‘அர்ஜென்டினா 4–2 என வென்றது’ என்று மொட்டையாகச் சொன்னால், புதிதாகப் பார்க்க வருபவர் என்ன நினைப்பார்?

‘வரலாற்றில் முதல்முறையாக’ என்பது இன்னொரு தொல்லை. இடக்கை ஆட்டக்காரர், இறுதிப்போட்டி, இரண்டாவது இன்னிங்ஸ், 25 வயதுக்குள் என்று நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டே போனால் யாரும் எதற்கும் முதல்வர்தான்.

ஒளிபரப்பாளர்கள் இதையாவது செய்யலாம்: டி20 ஆட்டத்தில் 15ஆவது ஓவர் முடிந்ததும் ஒவ்வொரு பந்துவீச்சாளருக்கும் எத்தனை ஓவர் பாக்கி என்பதைத் திரையின் ஓரத்தில் ஒரு வரியாகக் காட்டட்டும். அந்த நேரத்தில் கேமரா பிரமுகர்களின் முகத்தைத் தேடாமல் ஃபீல்டிங் மாற்றத்தைக் காட்டினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு விளையாட்டு ரசிகன்