அறிவியல் கருவிக் கூடத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பல்கலைக்கழகத்தில் வேதியியல், இயற்பியல் துறைகளுக்குப் பொதுவாக உள்ள கருவிக் கூடத்தைச் சீரமைக்கும் வேலை முடிந்து, கூடத்தைத் துறைகளிடம் ஒப்படைத்துவிட்டோம். வரவு செலவுக் கணக்கைத் தணிக்கையாளர் பார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறார். அது ரசீது எண் வாரியாகத் தனித்தாளில் இத்துடன் வருகிறது. எதற்கு எவ்வளவு என்பது அந்தத் தாளில் இருக்கும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த அறிக்கை.

நிதி திரட்டத் தொடங்கிய நாளிலிருந்து உறுப்பினர்கள் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "புதுசா ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்துவிடலாமே, ஒயரிங்குக்கும் கட்டடத்துக்கும் ஏன் போடணும்?" நியாயமான கேள்வி. கருவிக்கு எப்படியாவது ஒரு வழி பிறந்துவிடும், அதை ஓட வைக்கத்தான் ஆளில்லை என்பதே எங்கள் பதில். ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய, கல்வி நிறுவனங்களின் ஆய்வு வசதிக்கு நிதி தரும் ஃபிஸ்ட் திட்டம் இருக்கிறது, அதே போன்ற பர்ஸ் திட்டம் இருக்கிறது. பேராசிரியர்கள் எழுதி வாங்கும் ஆய்வுத் திட்டங்களிலும் கருவிக்கென்று ஒரு பகுதி உண்டு. போட்டி கடுமைதான், ஆனால் கதவு திறந்திருக்கிறது. நம் துறைகளும் அப்படித்தான் நல்ல கருவிகளைப் பெற்றன. திட்டக்காலம் முடிந்த பிறகுதான் சிக்கல். கருவி இருக்கும், ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கட்டப் பணம் இருக்காது. கருவியைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெற்றுப் போவார், அந்த இடம் காலியாகவே கிடக்கும்.

கூடம் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அகச்சிவப்பு ஒளியைச் செலுத்திப் பொருளின் மூலக்கூறுகளை அறியும் எஃப்.டி.ஐ.ஆர். கருவிக்குள் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும் தகடு பொட்டாசியம் புரோமைடால் ஆனது. அதுவும் ஒரு வகை உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊரில் கடற்காற்று அடிக்கும் மாதங்களில் இரவு ஏ.சி.யை நிறுத்திவிட்டுப் போனால் தகடு மெல்ல மங்கும். மாற்றுத் தகடு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையும் அதிகம். ஏ.சி. ஓடாத அறையில் கருவியைக் காப்பாற்றியது கருவியை இயக்கும் ஊழியர்தான். கருவிக்குள் வைத்திருந்த நீலநிறச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறும்போதெல்லாம் எடுத்து, மின் அடுப்பில் வைத்துச் சூடாக்கி, ஈரம் போய் மீண்டும் நீலமானதும் திரும்ப வைப்பார். விடுமுறை நாட்களிலும் வந்து இதைச் செய்திருக்கிறார். இப்போது அந்த அறைக்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரமும், ஒன்று பழுதானால் மற்றொன்று ஓடும்படி இரண்டு ஏ.சி.யும் போட்டாகிவிட்டது. ஜன்னல் இடுக்குகளையும் அடைத்துவிட்டோம்.

திரண்ட தொகையில் பெரும்பங்கு மின்சாரத்துக்கே போயிற்று. கணக்குத் தாளைப் பார்த்ததும் முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும். பழைய கட்டடத்தில் கருவிகள், மோட்டார், ஏ.சி. எல்லாவற்றுக்கும் ஒரே எர்த்து. லிஃப்ட் ஓடினால், எக்ஸ் கதிரால் படிகங்களின் அமைப்பை ஆராயும் எக்ஸ்.ஆர்.டி. கருவியின் அளவீட்டில் இரைச்சல் தெரியும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று கருவிக் கம்பெனிகள் பொதுவாகக் கேட்கின்றன. நம் கூடத்தில் அதை எட்டவே முடியவில்லை. கருவிகளுக்கென்று தனி எர்த்துக் குழிகள் வெட்டி, தனி பேனல் வைத்து, மின்சாரம் நின்றாலும் இடைவெளி விடாமல் ஓட்டும் ஆன்லைன் யூ.பி.எஸ். இணைத்திருக்கிறோம். வேலையை முதலில் எடுத்த ஒப்பந்தக்காரர் பாதியில் விட்டுப்போனதால் இந்தப் பகுதி தாமதமானது. அவருக்குச் செய்த வேலைக்கு மட்டும் அளந்து பணம் கொடுத்து முடித்தோம்.

அப்புறம், வலிமையான காந்தத்தைக் கொண்டு மூலக்கூறுகளின் அமைப்பை அறியும் என்.எம்.ஆர். கருவியின் அறை. உறுப்பினர்கள் நேரில் வந்தால் அவசியம் பார்க்க வேண்டிய இடம் இது. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியின் காந்தப்புலம் 9.4 டெஸ்லா. அதன் கம்பிச்சுருள் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் திரவ ஹீலியத்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது, அதைச் சுற்றி மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். மின்சாரம் நின்றால் காந்தம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. அந்தக் குளிரில் கம்பி மின்னோட்டத்தைத் தடுப்பதே இல்லை என்பதால், சுருளில் ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹீலியம் மட்டம் இறங்கினால்தான் ஆபத்து. சுருள் சூடாகி, உள்ளே இருக்கும் ஹீலியம் முழுவதும் கொதித்து வெளியேறிவிடும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும், அடைத்த அறையில் மூச்சு விடக் காற்று இருக்காது. அதனால்தான் வாயு வெளியேறக் கூரை வழியாகக் குழாயும், ஆக்சிஜன் குறைந்தால் அலறும் கருவியும் வைத்தோம். ஹீலியத்துக்கு இந்தியா இறக்குமதியையே நம்பியிருக்கிறது. வெளிநாட்டில் எங்கோ ஒரு ஆலை நின்றால் இங்கே விலை ஏறுகிறது.

நைட்ரஜனை வாரந்தோறும் நிரப்பியாக வேண்டும். அந்தக் கனமான குடுவையை முன்பு ஆய்வு மாணவர்கள் வாசற்படிகளில் தூக்கித்தான் ஏற்றினார்கள். இப்போது சாய்தளம் இருக்கிறது, கதவையும் அகலப்படுத்தியாயிற்று. மொத்தப் பட்டியலில் செலவு குறைந்த வேலை இதுதான். ஆனால் மாணவர்கள் எங்களிடம் வந்து நன்றி சொன்னது இதற்குத்தான்.

விலை பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு விளக்கம். அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு முன்பு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. மட்டுமே என்ற சலுகை இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அது நீங்கியது, பெரும்பாலான கருவிகளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் இப்போது 18 விழுக்காடு. பழைய விலைப்பட்டியலை வைத்து ஒப்பிட்டவர்களுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

திரட்டிய தொகையில் ஒரு பகுதியைச் செலவழிக்காமல் நிலை வைப்பில் போட்டது பற்றிக் கூட்டத்தில் நீண்ட விவாதம் நடந்தது. அதன் வட்டியிலிருந்து கருவி இயக்குநர் ஒருவரின் சம்பளமும் ஹீலியச் செலவில் ஒரு பங்கும் கொடுப்பதாகப் பல்கலைக்கழகத்துடன் ஒப்பந்தம் எழுதியிருக்கிறோம். கட்டடத்துக்குக் கொடுத்தவர்களையே ஊர் நினைவில் வைத்திருக்கிறது, ஆளுக்குக் கொடுத்தவர்களை அவ்வளவாக இல்லை. ஆனால் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்குத் தாரக்நாத் பாலித் வழங்கிய கொடையில் உருவான பேராசிரியர் பதவிக்குத்தான் சி.வி. ராமன் அரசு வேலையை விட்டுவிட்டு 1917-இல் வந்தார். அவர் ஆய்வு செய்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகமும் 1876-இல் பொதுமக்கள் நன்கொடையில் எழுந்தது. 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு வெளிப்பட்டது அங்கேதான். நம் பக்கத்தில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் அது திறக்கப்பட்டது. அந்தக் கொடை இன்றும் பலன் தருகிறது என்றால், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் சம்பளமும் பராமரிப்பும் அரசிடமிருந்து வந்துகொண்டே இருப்பதால்தான்.

மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தத் தொடர்ச்சி இல்லை. இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடுதான். அதிலும் பெரும்பகுதி தேசிய ஆய்வகங்களுக்கும் ஒன்றிய அரசின் நிறுவனங்களுக்கும் போகிறது. நாட்டின் மாணவர்களில் பெரும்பாலோர் படிப்பதோ நம்மைப் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் கல்லூரிகளிலும். 2023-இல் சட்டம் இயற்றி அமைத்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள், அதில் பெரும்பங்கு அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது திட்டம். வளர்ந்த நிறுவனம் ஒன்று நடுவில் நின்று, வளரும் பல்கலைக்கழகங்களைக் கைபிடித்து அழைத்துப்போகும் 'பேர்' (PAIR) திட்டமும் அதன் கீழ் வந்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் விண்ணப்பிக்கும்போது கருவி ஓடும் நிலையில் இருப்பதைக் காட்ட முடிந்தால் நம் துறைகளின் கை ஓங்கும் என்று நம்புகிறோம்.

இதுவரை நம் மாணவர்கள் மாதிரிகளைப் பொட்டலம் கட்டிச் சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையத்துக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பார்கள். அந்த மையம் தமிழ்நாட்டு ஆய்வாளர்களுக்குச் செய்திருக்கும் உதவி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் காலையில் உண்டாக்கிய சேர்மத்தை அன்று மாலையே பார்த்துவிட முடிந்தால் ஆய்வு நடக்கும் விதமே வேறு. நம் கருவிகளை, ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்வதற்கான தேசிய இணையதளமான ஐ-ஸ்டெம் தளத்தில் பதிவு செய்யத் துறைகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. சுற்றுவட்டாரக் கல்லூரி மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் நேரம் பதிவு செய்யலாம். அந்தக் கட்டணம் பல்கலைக்கழகப் பொதுக் கணக்கில் கலக்காமல் கூடத்தின் பராமரிப்புக் கணக்குக்கே வரும் என்பதை எழுத்தில் வாங்கியிருக்கிறோம்.

நன்கொடையாளர் பெயர்கள் தொகை குறிப்பிடாமல் அகர வரிசையில் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. பெயர் வேண்டாம் என்றவர்கள் விருப்பப்படி விடப்பட்டுள்ளனர்.

பாக்கி இரண்டு வேலைகள். மேல்மாடி மழைநீர்க் குழாயை மாற்ற வேண்டும், அதற்கான தொகை கையிருப்பில் இருக்கிறது, மழைக்காலத்துக்கு முன் முடியும். எக்ஸ்.ஆர்.டி. கருவியைக் குளிர்விக்கும் சில்லர் பழையது. அதை மாற்றப் பணம் போதவில்லை, அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்கிறோம். கூடத்தைப் பார்க்க வர விரும்பும் உறுப்பினர்கள் செயலாளரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் என்.எம்.ஆர். அறைக்குள் நுழையக் கூடாது, மற்ற அறைகளுக்குத் தடையில்லை.